பதினோரு நிமிட வெயில்

1

இன்று மதியம் தங்கை மல்லிகா எனக்குச் சோறு போடுவதற்கு முன்னால் கூடத்து ஜன்னல் துணியை ஒரு பக்கமாக இழுத்துவிட்டாள். வெயில் நேராக எதிர்ச்சுவரில் விழுந்தது. நான் எழுந்து போய்த் துணியை மறுபடி மூடினேன். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகப் போனது.

"இன்னாண்ணா, வெயிலுக்கு பயந்துக்கினு இருக்க? அங்க வெயிலே கெடையாதுன்னு நீதான பொலம்புவ?"

"செவுத்துல படுது."

"செவுருதான? கரைஞ்சா போயிடும்?"

அந்தச் சுவரில் ஒரு துணிக்கடைக் காலண்டர் மட்டும் தொங்கியது. முருகன் முகம் நீலமாகிவிட்டிருந்தது. அச்சுப் படத்தில் சிவப்பு முதலில் போகும், பிறகு மஞ்சள், கடைசியில் நீலம் மட்டும் நிற்கும். இதை மல்லிகாவிடம் சொன்னேன். "சாமிக்கு நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில், ஒரு அருங்காட்சியகத்தில் அறைக் காவலனாக இருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன். ஓட்டல் அடுப்படி வேலைக்குப் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கடைசி ஒன்பது வருஷமாக இந்தக் காவல் வேலை. அப்பா வீட்டில் எனக்குள்ள பங்கைத் தங்கைக்கு எழுதிக் கொடுப்பதற்காக மூன்று வார விடுப்பில் விழுப்புரம் வந்திருக்கிறேன். வந்த ஐந்தாம் நாள் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை அவர்கள் ஊர் மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதில் எழுத வேண்டும். நம் ஊரில் அப்போது மாலை ஐந்தரை.

ஓவிய அறையின் ஜன்னல் திரையைத் திறந்தது யார் என்பதுதான் கேள்வி. திறந்தது நான்.

2

அந்த அறையைப் பற்றிச் சொன்னால்தான் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியர் ஒருவருடைய நீர்வண்ணப் படங்கள் பதினெட்டு எங்களிடம் இருக்கின்றன. மலை, ஏரி, கடல், புயல், இவைதான் அவர் வரைந்தது. அந்தப் படங்கள் வருஷம் முழுக்கப் பெட்டிக்குள் கிடக்கும். பனிக்காலத்தில் ஆறு வாரம் மட்டும் சுவரில் தொங்கும். அப்போதுதான் அந்த ஊரில் சூரியனுக்குப் பலம் குறைவு. அந்த ஆறு வாரமும் ஜன்னல்களில் சுருள் திரை இறங்கியே இருக்கும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஒன்றைக் காவலர் கையில் கொடுப்பார்கள். காலையிலும் மதியமும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பிடித்துப் பார்க்க வேண்டும். ஐம்பதுக்கு மேல் காட்டக் கூடாது. ஐம்பது என்றால் நம் வீட்டில் மின்சாரம் போன மாலையில் கதவோரம் இருக்குமே, அந்த அளவு.

வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் குறை சொல்வார்கள். எனக்கு ஆட்களிடம் பேச வராது. முதல் வருஷம் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று கேட்டார். படத்துக்கு வெளிச்சம் ஆகாது என்று சொல்ல நினைத்து, "வெளிச்சம் உங்களுக்கு ஆபத்து" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்த் தன் கணவரை அழைத்து வந்து, "இவரிடம் நீங்களும் கேளுங்கள்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டேன். ஒன்பது வருஷமாக அதையே சொல்கிறேன்.

காகிதப் படங்களுக்கு முழுப் பொறுப்பு ரூத் என்ற அம்மாள். அவர் முதல் நாள் சொன்னது இது: "காகிதத்தின் மேல் பட்ட வெளிச்சத்தைத் திருப்பி எடுக்க முடியாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அது சேர்ந்துகொண்டேதான் போகும்."

பதினெட்டில் எட்டுப் படங்கள் ஒரே ஏரி. அதே மலை, அதே கரை, நாளில் எட்டு வேளை. ஏரியை வரைய அவர் அங்கே போகவில்லை, வெளிச்சத்தைப் பார்க்கத்தான் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். சூரியனுக்கு அவர் எந்த வண்ணமும் வைக்கவில்லை. சுற்றி நிறம் பூசிவிட்டு அந்த இடத்தில் வெறும் காகிதத்தை விட்டிருக்கிறார். ஓரிடத்தில் காய்ந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டி அலையில் வெயிலைக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் கீறல் கிட்டே போனால் தெரியும்.

அந்த எட்டில் ஒரு படத்தில் வானம் சாம்பல் நிறம். மழை வரும் நாள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் ரூத் அதை மேசையில் வைத்துச் சுற்றியிருந்த அட்டையைக் கழற்றினார். அட்டைக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, வானம் செக்கச் செவேலென்று இருந்தது. அவர் வரைந்தது விடியற்காலைச் சிவப்பு. மூடியிருந்த இடத்தில் மட்டும் அது அப்படியே நின்றிருக்கிறது. நாங்கள் காவல் காத்தது மிச்சத்தை.

அந்தச் சிவப்பை நான் முன்பே பார்த்திருந்தேன், பனமலை ஏரியில். காட்டியவன் சேகர்.

3

சேகரும் நானும் திண்டிவனத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்தோம். அவனுக்கு இருபத்திரண்டு, எனக்குப் பத்தொன்பது. அவன் படம் எடுப்பான், கழுவுவான். நான் சட்டம் போடுவேன், கண்ணாடி அறுப்பேன், அவன் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். அனந்தபுரம் பக்கம் கல்யாணம் என்றால் முதல் நாளே போய்ப் படுத்துவிடுவோம். விடியுமுன் என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பனமலைக்கு மிதிப்பான். மலைமேல் கோயில், கீழே ஏரி. சூரியனுக்கு நேர் எதிராகக் கேமராவைப் பிடிப்பான். "எதிர் வெளிச்சத்துல எடுக்காதன்னு மொதலாளி சொல்வாருடா. ஆனா வெளிச்சம் எதிர்ல இருக்கச்சதான் அது இன்னா பண்ணுதுன்னு தெரியும்" என்பான்.

பிறகு அவனை ஸ்டூடியோவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதன் காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

அவன் மகள் நர்ஸாகி இங்கிலாந்து வந்துவிட்டாள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததற்காக இந்தப் பனிக்காலம் சேகரும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். யாரிடமோ என் எண்ணை வாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை தனியாகப் பஸ் ஏறி அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டான். தலையில் குரங்குக் குல்லா, மருமகனுடைய பெரிய கோட்டு.

"ஏழுமல, நீயாடா இது? யூனிபாரம்லாம் போட்டுக்கினு போலீஸ்கார் மாதிரி நிக்கிற!"

அன்று ஓவிய அறைக் காவல் என்னுடையது இல்லை, ஆக்னெஷ்காவுடையது. அவள் போலந்துக்காரி. வேலை உறுதியாவதற்கு முந்தைய ஆறு மாதத் தகுதி காலத்தில் ஐந்தாவது மாதம். பிள்ளையின் பள்ளியிலிருந்து போன் வந்ததால், "கொஞ்ச நேரம் நின்றுகொள்கிறாயா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுக் கீழே போயிருந்தாள். மாற்றிக்கொண்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இரண்டு பேரும் எழுதவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

நான் சேகரை ஏரிப் படங்களுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினேன். அவன் மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்தான். பிறகு பின்னால் வந்தான். மறுபடி குனிந்தான்.

"ஒண்ணும் தெரியலடா. மசமசன்னு இருக்குது. ரெண்டு கண்ணுலயும் புரை. ஊருக்குப் போயி ஆபரேசன் பண்ணணும்."

"இங்க வெளிச்சம் ஐம்பதுக்கு மேல வைக்கமாட்டாங்க."

"இருட்டுல தொங்கவுட்டு யாருக்குடா காட்டுறீங்க? அந்த ஜன்னல கொஞ்சம் தெறயேன்."

மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியங்களும் ஆங்கிலத்தில் இருந்தன. சேகரிடம் அவற்றை எப்படிச் சொல்வது? கண் தெரியாதவன், ஏழு கடல் தாண்டி என்னைப் பார்க்க வந்தவன், வேறு யாரும் இல்லை, சேகர். நான் போய்க் கயிற்றை இழுத்தேன். திரை மேலே சுருண்டது.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. பனிக்காலச் சூரியன் தாழ்ந்திருக்கும். வெயில் நேராக எதிர்ச்சுவரில் விழுந்தது. சேகர் "அப்பா!" என்றான்.

ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனான். "இது காலையில. இது சாயங்காலம், நெழல பாரு. எதிர் வெளிச்சத்துல எடுத்துக்கிறாண்டா." வரைந்தது என்று ஒரு தடவைகூட அவன் சொல்லவில்லை. சாம்பல் வானப் படத்தின் முன் நெடுநேரம் நின்றான். "இதுல எதோ கொறையுது" என்றான். நான் சிவப்பு ஓரத்தைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். "நான் கேமராவ வுட்டு முப்பது வருசம் ஆச்சு. பாக்கறத மட்டும் வுடல" என்றான்.

கிளம்புமுன் என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி அவன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்தான். அதன் பிறகுதான் எனக்குத் திரை ஞாபகம் வந்தது.

4

சுவரில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி ஒட்டியிருக்கிறது. விழும் வெளிச்சத்தை இரவும் பகலும் அது எழுதிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் ரூத் அதைக் கணினியில் போட்டுப் பார்ப்பார். கீழே படுத்த மாதிரி ஓடிய கோடு ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் செங்குத்தாக ஏறி, பதினோரு நிமிடம் மேலேயே நின்று, இறங்கியிருந்தது.

மறுநாள் காலையில் எல்லாரையும் கூட்டிவைத்துக் கேட்டார். பன்னிரண்டு பேர். ரூத் குரலை உயர்த்தவில்லை. "திரை தானாக மேலே போகாது" என்று மட்டும் சொன்னார். பதிவேட்டில் அந்த நேரத்துக்கு ஆக்னெஷ்காவின் கையெழுத்து இருந்தது.

"நான் தொடவில்லை" என்றாள் ஆக்னெஷ்கா.

"அப்படியானால் யார்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லியிருந்தால் அறையை விட்டுப் போனதையும் சொல்ல வேண்டும். அதற்காகச் சொல்லாமல் இருந்தாளா, நானே சொல்வேன் என்று விட்டாளா, தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் முன்னால் எனக்குக் காலை வணக்கமே சத்தமாக வராது. ஆனால் அது கூச்சம் மட்டும் இல்லை. காவலுக்கு நின்றவனே வேண்டுமென்று திரையைத் திறந்தால் வேலை போகலாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு என்ன வேலை தெரியும்?

விடுப்பில் கிளம்புகிற நாள் உடை மாற்றும் அறையில் ஆக்னெஷ்கா இருந்தாள். "ஊருக்குப் போய்ச் சந்தோஷமாக இருந்துவிட்டு வா" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று விமானத்தில் பத்து மணி நேரம் யோசித்தேன்.

இப்போது வந்திருக்கும் மின்னஞ்சலில் ரூத் எழுதியிருப்பது: அந்தத் தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்ததை எழுத்தில் தர வேண்டும். தகுதி காலத்தில் இருக்கும் ஊழியர் பற்றிய முடிவு அதற்குப் பிறகு எடுக்கப்படும். பெயர் எழுதவில்லை. அந்தத் தளத்தில் தகுதி காலத்தில் இருப்பது ஒருத்திதான்.

5

புதன்கிழமை மல்லிகாவோடு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு அடி இடம் விட்டு நின்றேன். அந்த ஊர்ப் பழக்கம். அந்த ஒரு அடியில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மல்லிகா என்னைப் பின்னாலிருந்து தள்ளினாள். "முட்டிக்கினு நில்லுண்ணா. இப்படி நின்னா நாளைக்குதான் வூட்டுக்குப் போவோம்."

எங்கள் முறை வந்ததும் எழுத்தர் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் கையெழுத்தைத் தமிழில் போட்டிருக்கிறேன். புதியதில் கை தானாக ஆங்கிலத்தில் போட்டுவிட்டது.

"ரெண்டும் ஒரே ஆளா சார்?"

"நான்தாங்க."

"நீங்கதான்னு நீங்க சொன்னா எப்படி? உங்களத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் சொல்லணும்."

கோலியனூரிலிருந்து மல்லிகாவின் வீட்டுக்காரர் தன் நண்பரை அழைத்துக்கொண்டு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் மரத்தடியில் நின்றேன். அப்போதுதான் திவ்யா கூப்பிட்டாள். என் மகளுக்குப் பதினேழு வயது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான்கைந்து வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது. முக்கியமான விஷயம் என்றால் மட்டும் தமிழுக்கு வருவாள். அன்று தமிழில் ஆரம்பித்தாள்.

"அப்பா, சேகர் அங்கிள் அனுப்புன போட்டோ நம்ம டேப்லட்லயும் வந்துருக்கு."

"சரிம்மா."

"உங்க மூஞ்சில வெயில் இருக்கு."

மைக்கில் யாரோ ஒருவருடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"அம்மா சொன்னாங்க, அங்க என்கொயரி நடக்குதுன்னு. போட்டோல டேட் இருக்குப்பா. டைம் இருக்கு. டெலீட் பண்ணணுமா, வேணாமா?"

"நீ என்ன நெனைக்கிற?"

"நான் நெனைக்கறது விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியல. அதான் பயமா இருக்கு. உங்க கூடவே பொறந்ததுலேர்ந்து இருக்கேன், எனக்குத் தெரியல."

"அப்படியே இருக்கட்டும்மா, அழிக்காத" என்றேன். அவள் "ஓகே" என்று வைத்துவிட்டாள். நிம்மதியா, சந்தேகமா, குரலில் பிடிபடவில்லை.

நான்தான் ஏழுமலை என்று இரண்டு பேர் வந்து சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன், தமிழில்.

6

வெள்ளிக்கிழமை மதியம் திண்டிவனம் பஸ் ஏறினேன். சேகர் ஊருக்குத் திரும்பி ஒரு கண்ணுக்கு ஆபரேசன் செய்துகொண்டு வீட்டில் இருந்தான். ரூத்துக்கு எழுதுவதற்கு முன்னால் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. திரையை ஏன் திறந்தாய் என்று யார் கேட்டாலும், உண்மையான பதில் அதில்தான் இருந்தது.

நான் முன்னே சொல்லாமல் விட்டது இதுதான். அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம், கறுப்பு வெள்ளைப் படம், மூன்று ரோல். சேகர் எடுத்துவந்து இருட்டறையில் கழுவ உட்கார்ந்தான். ரோலை டப்பாவிலிருந்து உருவி, கும்மிருட்டில், தடவித் தடவி ஒரு சக்கரத்தில் சுற்ற வேண்டும். சித்திரை மாதம். கை வியர்த்துப் பிலிம் ஒட்டிக்கொண்டது. உருவிய பிலிமையெல்லாம் மேசை டிராயரில் வைத்து மூடிவிட்டு, கை கழுவித் துடைக்க வெளியே வந்தான். அந்த நேரம் பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆள் வர, முதலாளி அவனை முன்னால் கூப்பிட்டுக்கொண்டார்.

எனக்கு அது தெரியாது. கண்ணாடி அறுக்கிற வைரம் தேடிக்கொண்டு இருட்டறைக் கதவைத் திறந்தேன். டிராயரை இழுத்தேன். உள்ளே பிலிம் சுருள் சுருளாகப் பளபளத்தது. உடனே மூடினேன். ஒரு மூச்சு விடும் நேரம். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் சேகர் கழுவிய பிலிம் முழுக்க நிலக்கரி மாதிரி கறுப்பாக வந்தது. வெளிச்சம் பட்ட பிலிம் வெளுக்காது, கறுக்கும். டிராயரைச் சரியாக மூடாமல் போய்விட்டேன் என்று அவனே சொன்னான். மறுநாள் இரண்டு வீட்டாரும் வந்தார்கள். மாலை போட்டு மறுபடி நிற்கவைத்து எடுத்துத் தருகிறோம் என்றார் முதலாளி. மாப்பிள்ளையின் அம்மா, "ரெண்டாந்தரம் தாலி கட்டற மாதிரி நிக்கச் சொல்றியா? வாய கழுவுய்யா" என்று கத்தினார். அன்றே முதலாளி சேகரைப் போகச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு விழுப்புரம் வரை போனது. எந்த ஸ்டூடியோவும் அவன் கையில் கேமராவைக் கொடுக்கவில்லை. அவன் அரிசி ஆலைக்குப் போனான், பிறகு ஆட்டோ ஓட்டினான்.

நான் கண்ணாடி அறுத்துக்கொண்டே இருந்தேன்.

7

சேகர் வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் போர்வை கட்டியிருந்தார்கள். அவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி வசந்தா கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டு, "வெயிலு படக்கூடாதாம்ணா. இவரு கேக்கமாட்டேங்கறாரு, துணிய வெலக்கி வெலக்கிப் பாக்கறாரு" என்றார்.

"இன்னிக்கு நான் மியூசியம் படம்டா" என்று சிரித்தான் சேகர். "ஐம்பதுக்கு மேல ஆவாது."

மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, அவித்து ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். நான் ஒன்றைக்கூட உரிக்கவில்லை. முதலில் அருங்காட்சியகத்தில் நடந்ததைச் சொன்னேன். திரை, கருவி, ஆக்னெஷ்கா, மாலை ஐந்தரை.

"அட பேஜாரே! என்னாலதான் ஆச்சா? நான் லெட்டர் எழுதித் தர்றேன்டா. தெறக்கச் சொன்னது நான்தான்னு."

"உன்னால இல்ல சேகர். நீ கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதுக்கு ஒரு காரணம் இருக்கு." அப்புறம் டிராயரைச் சொன்னேன். நினைத்து வைத்திருந்த வார்த்தை எதுவும் வரவில்லை. "அன்னிக்கு அத தெறந்தது நான்தான்" என்று மட்டும் வந்தது.

சேகர் அசையவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. வசந்தா காதில் விழுந்துவிட்டது.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போ என்று சொல்வான் என்று நினைத்தேன். அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"டிராயர முழுசா இழுத்தியா, பாதியா?"

"பாதி. பாதிகூட இல்ல."

"எவ்ளோ நேரம்?"

"உடனே மூடிட்டேன்."

அவன் கை கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே போய், ஓரத்தில் நின்றது. டிராயரை அளக்கிறான் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது.

"மூணாவது ரோலு பின்னாடி இருந்தது. கறுப்புக் காயிதத்துல சுத்தி, கடைசி மூலையில வச்சேன். தாலி கட்றது அதுலதான் இருந்தது." அவன் குரல் ஏறவில்லை. "ரெண்டு ரோலு கறுப்பா வந்ததும், ரொம்ப நேரம் தெறந்து கெடந்திருக்கு, இதுவும் போயிருக்கும்னு மொதலாளி அத வெயில்ல வீசிட்டாரு. கழுவவே இல்ல."

அவன் கை இன்னும் கட்டில் ஓரத்திலேயே இருந்தது.

"அன்னிக்கு நீ வாயத் தெறந்திருந்தா அது கெடச்சிருக்கும்டா. ஒரு செகண்டு, பாதி டிராயருன்னு சொல்லியிருந்தா போதும். நானே கழுவியிருப்பேன். தாலி கட்ற போட்டோ இருந்திருந்தா அந்த அம்மா அப்படிக் கத்தியிருக்காது."

முப்பது வருஷமாக நான் கதவைத் திறந்ததற்காக வருந்திக்கொண்டிருந்தேன். தெரியாமல் திறந்தது அது. பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் அந்த மூன்றாவது ரோலைக் கெடுத்தது என்று இப்போது அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வசந்தா வாசற்படியில் வந்து நின்றார். "ஆட்டோவுல எத்தினி வருசம் முதுகு ஒடிஞ்சாரு தெரியுமாண்ணா?" என்றார். 'அண்ணா' என்பதை அவர் விடவில்லை. அது திட்டியதைவிட வலித்தது.

"வசந்தா, நீ போ" என்றான் சேகர். பிறகு என்னிடம், "மணி என்னடா?"

"நாலே கால்."

"எழுது. அந்தப் பொம்பளைக்காவது நேரத்துல சொல்லு. அந்த போட்டோவையும் சேத்து அனுப்பு."

அந்த இருட்டில் செல்போன் வெளிச்சம் அவன் கண்ணில் படாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து எழுதினேன். திவ்யாவைக் கேட்டிருந்தால் நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தந்திருப்பாள். கேட்கவில்லை. பிழையோடுதான் போயிருக்கும். திரையைத் திறந்தது நான், ஆக்னெஷ்கா அறையில் இல்லை, என்னை நிற்கச் சொன்னாள், நான் பதிவேட்டில் எழுதவில்லை, கூட்டத்திலும் சொல்லவில்லை. அவள் போனதை எழுதாமல் அவளைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. போட்டோவைச் சேர்த்து அனுப்பியபோது மணி நாலு ஐம்பது.

"போயிட்டு வர்றேன் சேகர்."

நான் கதவைத் திறந்ததும், "ஜல்தி சாத்துடா, வெளிச்சம் வருது" என்றான். வெளியே வந்து சாத்தினேன். கதவுக்கு அடியில் இடுக்கு இருக்கிறதா என்று குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். ஸ்டூடியோவில் அப்படித்தான் பார்ப்போம்.

8

இன்று ஞாயிறு. ரூத்திடமிருந்து நேற்று பதில் வந்தது. எழுதியதற்கு நன்றி, நான் திரும்பியதும் திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை, துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். ஆக்னெஷ்கா கையெழுத்தில்லாமல் அறையை விட்டுப் போனது தனியாகப் பேசப்படும், ஆனால் திரை அவள் கணக்கில் இல்லை. ஏரிப் படங்கள் எட்டையும் இறக்கிவிட்டார்கள். பட்ட வெளிச்சத்துக்கு ஈடாக அவற்றுக்கு இரண்டு வருஷம் ஓய்வு.

ஆக்னெஷ்கா ஒன்றும் எழுதவில்லை. திவ்யாவிடம் சொன்னேன். "குட்" என்றாள், பிறகு நேரம் கழித்து, "திங்கட்கிழமை நான் வரட்டுமா, கூட?" என்று தமிழில் கேட்டாள். "பத்து மணிக்கு" என்றேன்.

சேகருக்கு இரண்டு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்று காலை மல்லிகா என் பெட்டியில் கேப்பை மாவுப் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டிருந்தபோது அவனே கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

"அந்த ஏரிப் படம் இன்னும் எத்தன நாளு மாட்டியிருப்பாங்க?"

"எறக்கிட்டாங்க. ரெண்டு வருசம் பொட்டிக்குள்ள."

"நம்ம பதினோரு நிமிசத்துக்கா?"

"ஆமா."

"உனக்கு வேல இருக்குமா?"

"தெரியல."

"ரெண்டாவது கண்ணு அடுத்த மாசம் பண்றாங்க. ரெண்டு வருசம் கழிச்சி பொண்ணு வூட்டுக்கு வருவேன். நீ அங்க இருந்தாலும் இல்லன்னாலும் போயி பாப்பேன்" என்றான் சேகர். "ஜன்னலத் தெறக்கச் சொல்லமாட்டேன்."